நாளுக்கு ஒரு தொட்டி உடைசல்

யாரும் யோசனை சொல்லி நான் முன்னுக்கு வந்தவனில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பதினாறு வயதில் உளி பிடித்து ரப்பர் பாலுக்கு மரம் வெட்டினேன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது மற்றவர்கள் எல்லாம் அடுத்த தோட்டம் தேடிப் போனார்கள். நான் ஒரு இரும்புச் சட்டியையும் ஒரு முறுக்கு உரலையும் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தேன். முதலில் சைக்கிள், அப்புறம் மோட்டார் சைக்கிள், அப்புறம் கதவு சாத்தாத ஒரு பழைய வேன். இன்றைக்கு இருபத்தெட்டுப் பேர் வேலை செய்கிற முறுக்குத் தொழிற்சாலை என்னுடையது. என் லாரி சித்தியவான் வரைக்கும் போகிறது. கடன் கேட்டு ஒருத்தன் வீட்டு வாசலிலும் நான் நின்றதில்லை.

ஆட்களை நன்றாக வைத்துக்கொள்வதிலும் என்னை யாரும் மிஞ்ச முடியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பொட்டலம் போடும் மேசையில் பதினொரு பெண்கள். எல்லாரும் பழைய தோட்டத்துக் குடும்பங்கள், இப்போது அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள். அவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஒரு வார்த்தை கொடுத்திருந்தேன்: உடைந்த முறுக்கு உங்களுக்கு. மேசைக்குப் பக்கத்தில் ஒரு நீலத் தொட்டி இருக்கும். உடைசலை அதில் போடுவார்கள். சாயந்தரம் எல்லாரிலும் மூத்தவள் அதைப் பங்கு போடுவாள். அவளை எல்லாரும் மேசையக்கா என்பார்கள். அந்த மேசைக்கு அவள்தான் எல்லாம். அவர்கள் அதை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள், அடுக்குமாடிக் கீழே சின்னப் பையில் போட்டு விற்பார்கள். வேறு எந்த முதலாளி இப்படிச் செய்வான்? கோவில் கூட்டங்களில் இதை நான் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டியிருக்கிறார்கள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் அந்த மலாய்ப் பெண் வந்தாள்.

பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்றில் என் முறுக்குக்கு இடம் கொடுத்திருந்தார்கள். எல்லாக் கிளைகளிலும் வைக்கலாமா என்று முடிவு செய்வதற்கு முன்னால் தரம் பார்க்க ஆள் அனுப்பினார்கள். முப்பது வயதுகூட இருக்காது. முக்காடு, மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு அட்டை. தன் கடையிலிருந்தே பத்துப் பொட்டலம் எடுத்து வந்திருந்தாள். ஒவ்வொன்றாக என் மேசையில் பிரித்துக் கொட்டினாள். நாலைந்தில் முறுக்கு முறுக்காகவே இல்லை. ரசத்தில் போடலாம், அப்படி இருந்தது.

"அங்கிள், உடையறது தப்பில்ல," என்றாள் மலாயில். "போன தடவை கடிதத்துல சொன்னோம், நீங்க என்ன மாத்தினீங்க? அதுக்குத்தான் உங்ககிட்ட பதில் இல்ல. உங்க ஆளுங்க என்ன சொல்றாங்க?"

"அவங்க என்ன சொல்றது? நான் சொல்றததான் செய்வாங்க."

அவள் சிரித்தாள். அட்டையில் என்னமோ எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன், அட்டையைச் சாய்த்துக்கொண்டாள். மூன்று மாதம் கழித்து மறுபடி வருவதாகவும், அதற்குள் உடைசல் குறைய வேண்டும், வேலையாட்களும் சேர்ந்து வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்படுத்துவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் இருக்கிற இடத்தையும் எடுத்துவிடுவோம் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். அந்த இடம் போனால் என் தொழிற்சாலையில் பாதி அடுப்பு அணைந்துவிடும். பாதி ஆள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எனக்கு உடனே ஒரு சந்தேகம். பத்துப் பொட்டலத்தில் நாலைந்து எப்படி அப்படி இருக்கும்? வேண்டுமென்றே பொறுக்கி எடுத்து வந்திருப்பாளோ? பக்கத்து ஊர் முறுக்குக்காரன் யாராவது காதில் ஓதியிருப்பானோ? மகளிடம் கேட்டேன். அவள் கோலாலம்பூரில் படித்துவிட்டு வந்து என் ஆபீசைப் பார்த்துக்கொள்கிறாள்.

"அப்பா, யாரும் ஓதல. பொட்டலம் நம்மளுது, உடைசலும் நம்மளுது. அவங்க கேக்கறது ரொம்பச் சின்ன விஷயம். வேலை செய்யறவங்களுக்குத்தான் வேலையில எங்க கோளாறுன்னு தெரியும். அவங்க சொல்லணும், நாம செஞ்சு பாக்கணும், மறுபடி சொல்லணும். நிக்காம நடந்துக்கிட்டே இருக்கணும்."

"யோசனை சொல்லத்தான் நான் இருக்கேனே."

"நீங்க இருக்கறதாலதான்ப்பா யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் செய்தேன். செய்கிறது என்று வந்தால் நான் அரைகுறையாகச் செய்கிறவனில்லை. ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்கு மேலே வாய் வெட்டி, பூட்டு மாட்டி, 'உங்கள் யோசனை' என்று சிவப்பு மையில் எழுதி வைத்தேன். சாவி என் சட்டைப் பையில். யாரும் டின்னைக் கிளப்பிக்கொண்டு போகாமல் இருக்க, வாசல் பக்கத்தில் கேமராவுக்கு நேர் கீழே வைத்தேன்.

ஒரு வாரம் கழித்துத் திறந்தேன். மூன்று தாள். ஒன்றில், கக்கூஸ் கதவுக்குக் கொண்டி இல்லை. இன்னொன்றில், தேத்தண்ணியில் சீனி போதவில்லை. மூன்றாவது வெற்றுத் தாள், நாலாக மடித்தது. கொண்டியும் சீனியும் போகட்டும். அந்த வெற்றுத் தாள்தான் என்னைக் குடைந்தது. எழுத வந்து பயந்தானா, இல்லை என்னைக் கேலி செய்கிறானா? கேமராவில் பின்னாலே போய்ப் பார்த்தேன். மூன்று பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு, தலையில் துண்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். யோசனை சொல்ல வருகிறவனுக்குத் துண்டு எதற்கு?

சரி, ஆசை காட்டிப் பார்ப்போம் என்று எல்லாரையும் கூட்டினேன். "நல்ல யோசனை யார் சொன்னாலும் பத்துக் கிலோ அரிசி," என்றேன். எல்லாரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். கூட்டம் கலைந்த பிறகு சட்டிக்காரன் வந்தான். பதினைந்து வருஷமாக என் எண்ணெய்ச் சட்டியில் நிற்கிறவன்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. எத்தன பேர நிறுத்தப் போறீங்க?"

"யாருடா அப்படிச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க சும்மா அரிசி கொடுக்கற ஆளா?"

மேசையக்கா தூரத்தில் கை கழுவிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே சொன்னாள். "பெட்டிக்கு மேல கேமரா வச்சிருக்கீங்கண்ணே. எவ வந்து போடறான்னு பாத்துக்கிட்டே இருந்தா, எவ போடுவா லா?"

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்குக் கேமரா என்ன செய்யும்? என்னமோ ஒளிக்கிறார்கள். அன்றைக்கே அது என் மனதில் விழுந்துவிட்டது.

அடுத்த வாரம் மகள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். தினமும் எத்தனை அட்டைப்பெட்டி போனது, நீலத் தொட்டியில் எவ்வளவு உடைசல் என்று ஒரு மாதமாகக் குறித்து வைத்திருந்தாள்.

"இத பாருங்கப்பா. ஏதாவது தெரியுதா?"

நான் கணக்குப் படித்தவனில்லை. ஆனால் முறுக்கு எனக்குத் தெரியும். அதிக வேலை நாளில் அதிகம் உடைய வேண்டும், குறைந்த வேலை நாளில் குறைவாக உடைய வேண்டும். அந்த நோட்டில் எல்லா நாளும் ஒரே தொட்டி. பண்டிகை ஆர்டருக்குக் கை ஓயாமல் கட்டிய நாளிலும் ஒரு தொட்டி. மின்சாரம் போய் அரை நாள் சும்மா இருந்த அன்றைக்கும் ஒரு தொட்டி, விளிம்பு வரைக்கும். தராசில் நிறுத்த மாதிரி.

"முறுக்கு தானா உடையல," என்றேன். "ஒடைக்கறாங்க."

"அவசரப்படாதீங்கப்பா. கேட்டுப் பாக்கலாம்."

கேட்டால் சொல்லுகிறவர்களா? நான் போனில் மேசைப் பக்கத்துக் கேமராவைப் பார்க்க ஆரம்பித்தேன். காலையில் பார்ப்பேன், கோவிலில் பார்ப்பேன், சாப்பாட்டு மேசையிலும் பார்ப்பேன். "இப்படியே பாத்துக்கிட்டிருங்க, தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில ஒரு பெட்டு சொல்லி வைக்கிறேன்," என்றாள் என் வீட்டுக்காரி. சொல்லட்டும். மூன்றாம் நாள் எனக்கு வேண்டியது கிடைத்தது. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மேசையக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். குனிந்து மேசைக்கு அடியிலிருந்து என்னமோ கனமாக இழுத்தாள். உடனே நாலு பேர் கூடிக்கொண்டார்கள், ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கலைந்து பழையபடி வேலை செய்தார்கள். அடுத்த நாளும் அதே. நேரம் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே. அதற்கு அடுத்த நாள் என் மகள் அந்தப் பக்கம் வர, அவசர அவசரமாக அதைக் கீழே தள்ளி உதைத்துவிட்டார்கள். படத்தில் தெரிந்தது: மாவுச் சாக்கு.

சாக்கில் என்ன இருக்கும்? முழுப் பொட்டலம்தான், வேறென்ன. என் முறுக்கை வேறு ஒருத்தன் பெயரில் விற்கிறார்கள். உடைசல் என்று காட்டிவிட்டு நல்லதை வெளியே கடத்துகிறார்கள். இருபது வருஷம் என் கையால் பண்டிகைப் புடவை வாங்கியவர்கள். ஆறாம் நாள் இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மாவு லாரி வருகிற பின் கதவு வழியாக உள்ளே போனேன்.

"எல்லாரும் கையை எடுங்க!"

பதினொரு பேரும் கையைத் தூக்கினார்கள், போலீஸ் பிடித்த மாதிரி. மேசைமேல் ஒரு தட்டு முறுக்கு கொட்டிக் கிடந்தது. அதற்கு அடியில் சாக்கு. நான் முறுக்கை ஒதுக்கிவிட்டுச் சாக்கைத் தூக்கினேன். உள்ளே ஒன்றும் இல்லை. நாலு மாவுச் சாக்கை ஒன்றுமேல் ஒன்றாக வைத்து, ஓரமெல்லாம் பொடித் தையல் போட்டு, மேலே வெள்ளைத் துணி உறை. பிள்ளை பெற்றவளுக்குத் தைத்துக் கொடுக்கிற மெத்தை மாதிரி. நான் விடவில்லை. ஒவ்வொரு தையலையும் அமுக்கிப் பார்த்தேன்.

"என்ன இது?"

"உக்காரதுக்குண்ணே," என்றாள் ஒருத்தி.

"மேல முறுக்கு கெடக்கு. முறுக்கு மேலயா உக்காருவீங்க?"

எங்கேயோ ஒரு சிரிப்பு கிளம்பி அப்படியே அமுங்கியது. மேசையக்கா மட்டும் என்னை நேராகப் பார்த்தாள். "ஆபீசுக்கு வா," என்றேன்.

ஆபீசில் மகளும் இருந்தாள். நான் கதவைச் சாத்தினேன்.

"இருபது வருஷமா சோறு போட்டிருக்கேன்."

"வேலை செஞ்சோம், சோறு போட்டீங்க."

"நாளையிலேருந்து வராதேன்னு சொன்னா என்ன செய்வே?"

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "சாக்கு உங்களுது, தையல் என்னுது," என்றாள். "பிரிச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

என் மகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கக்கா. அந்தச் சாக்க விரிச்சா என்ன ஆகுது?"

மேசையக்கா உட்காரவில்லை. என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னாள். "முன்னெல்லாம் மரமேசை இருந்துச்சு. உங்கப்பா ஆறு வருஷத்துக்கு முன்னாடி இந்த எவர்சில்வர் மேசைய வாங்கிப் போட்டாங்க. தட்ட கவுத்தா டணார்னு சத்தம். அன்னைக்கே தெரியும் எங்களுக்கு. கொஞ்சம் அங்கயே உடையும். மிச்சம் முழுசா இருக்கற மாதிரி இருக்கும், ஆனா உள்ளுக்குள்ள கீறல் விழுந்துடும். அது லாரி குலுக்கல்ல உடையும். சாக்க விரிச்சா சத்தமும் இல்ல, கீறலும் இல்ல."

அந்த மேசை நான் ரொம்பப் பெருமையாக வாங்கியது. வந்த விருந்தாளிக்கெல்லாம் காட்டியிருக்கிறேன்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க கேக்கலயேண்ணே."

"டின்னு வச்சேனே!"

"டின்னு இப்ப வச்சீங்க. மேசை வந்து ஆறு வருஷமாச்சு." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம். நல்ல முறுக்கு உங்களுது. உடைஞ்சதுதானே எங்களுது. உடையாம இருக்க நாங்களே வழி சொன்னா, எங்களுக்கு என்ன மிச்சம்? அதான், தொட்டி ரொம்பற வரைக்கும் சாக்கு போட மாட்டோம். ரொம்பினதும் போட்டுடுவோம். ஒரு தொட்டிக்கு மேல ஆசைப்பட்டதில்லண்ணே."

திருட்டு என்றால் போலீசுக்குப் போகலாம். இதற்கு எங்கே போவது? உடைசல் உங்களுக்கு என்று சொன்னது நான்தான்.

அவளை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பதினேழு வயதில் நடந்தது ஒன்று நினைவுக்கு வந்தது. தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இத்தனை மரம் என்று நிரை பிரித்துக் கொடுப்பார்கள். எல்லாரும் மேட்டிலிருந்து கீழே வெட்டி வருவார்கள். நான் குறுக்கே போய், பாம்பு மாதிரி வளைந்து திரும்பி, அரை மணி நேரம் முன்னாலேயே முடித்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை யாரிடமாவது சொல்ல வேண்டுமே? வேலை வாங்குகிற மண்டோரிடம் சொன்னேன். முதுகில் தட்டிக்கொடுத்தார். அடுத்த மாதம் எல்லாருக்கும் மரம் கூட்டிவிட்டார்கள். தண்ணீர்க் குழாயில் என் அம்மாவின் வாளிக்கு ஒருவரும் வழிவிடவில்லை. வரிசையில் கடைசி ஆளாகத்தான் பிடித்து வருவாள், மழைக்காலம் முடியும் வரைக்கும். அதற்கப்புறம் நான் அங்கே வாயே திறந்ததில்லை.

இது எனக்கு மறந்துபோயிற்று என்று சொன்னால் பொய். நன்றாக ஞாபகம் இருந்தது. அது தொரைமார் செய்கிற வேலை என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அதற்காக அவள் சொன்னதை அப்படியே நம்பிவிடவும் இல்லை. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானும் மகளும் மட்டும் நின்றோம். ஒரு தட்டை வெறும் மேசையில் கொட்டினேன். இன்னொரு தட்டைச் சாக்கின்மேல் கொட்டினேன். இரண்டையும் பொட்டலம் கட்டி, என் வேனில் போட்டு, மேடு பள்ளமான பழைய தோட்டத்துச் சாலையில் ஓட்டிவிட்டு வந்து பிரித்தேன். அவள் சொன்னது பொய்யில்லை. வெறும் மேசையில் கொட்டியது பாதி நொறுங்கியிருந்தது. மற்றது கையில் எடுத்தால் முழுசாக வந்தது.

மறுநாள் காலையில் மேசையைச் சுற்றி எல்லாரையும் நிறுத்தினேன். "உடைசலுக்குப் பதிலா முழு முறுக்கே தாரேன். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஆளுக்கு ரெண்டு கிலோ. உடைஞ்சாலும் உடையாட்டியும்."

கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"இப்ப ரெண்டு கிலோ," என்றாள் ஒருத்தி. "உடைசல் நின்னதும் ஒரு கிலோ ஆகும்."

"ஆகாது."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

"எழுதித் தாரீங்களா?" என்றாள் மேசையக்கா.

எனக்குச் சுருக்கென்றது. ஈப்போவில் என் வாய் வார்த்தைக்குச் சீனர்கள் சரக்கு இறக்கிவிட்டுப் போவார்கள். இவர்கள் என்னிடம் தாள் கேட்கிறார்கள். மகள் கம்ப்யூட்டரில் அடித்துத் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். ஒரு பெரிய அட்டையில் என் கையாலேயே தமிழில் எழுதினேன். ஆறாம் வகுப்புக் கையெழுத்து, நடுவில் இரண்டு இடத்தில் அடித்தல் திருத்தல். மேசையக்கா உரக்கப் படித்தாள். படித்து முடித்து, "ஆளக் குறைக்க மாட்டேன்னு போடலயே," என்றாள். போட்டேன். பின்னாலிருந்து சட்டிக்காரன் கேட்டான்: "எங்களுக்குண்ணே? சுடறது நாங்க." அதையும் போட்டேன். கீழே கையெழுத்து. "தேதி," என்றது ஒரு குரல். தேதியும் போட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினேன். டின்னையும் எடுத்துப் பெண்களின் கக்கூஸ் பக்கம் வைத்தேன். கக்கூஸுக்குக் கொண்டியும் போட்டாயிற்று. கேமராவைக் கழற்றவில்லை. அதைக் கழற்ற எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

தரம் பார்க்கிறவர்கள் சாக்கை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று மகள் தேடிப் பிடித்து, சாப்பாட்டுச் சாமானுக்கு ஆகிற, கழுவக்கூடிய ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கினாள். எவ்வளவு கனத்தில் என்று மேசையக்காவிடம்தான் கேட்டாள். அவள் தன் சாக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக் காட்டினாள்.

தொட்டி இறங்க ஆரம்பித்தது. முதல் வாரம் பாதி. அப்புறம் கால். அப்புறம் அடியில் நாலு கை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். சந்தேகம்தான் வந்தது. உடைசலைப் பொட்டலத்துக்குள்ளேயே மறைத்துக் கட்டுகிறார்களா? கட்டி முடித்த அட்டைப்பெட்டிகளை நானே பிரித்துக் குலுக்கிப் பார்த்தேன். மறுபடி ஒட்டுகிற வேலை அவர்களுக்கு. "அண்ணே, நீங்க குலுக்கறதுலதான் இப்ப உடையுது," என்றாள் ஒருத்தி. அதோடு நிறுத்திக்கொண்டேன். கொஞ்ச நாளைக்கு.

மூன்று மாதம் ஆனதும் மலாய்ப் பெண் வந்தாள். இந்தத் தடவை ஐந்து பொட்டலம் ஈப்போக் கடையிலிருந்து, ஐந்து சித்தியவானிலிருந்து. ஒவ்வொன்றாகக் கொட்டினாள். பத்தில் ஒன்றே ஒன்றில் ஒரு முறுக்கு இரண்டாகியிருந்தது. அவள் அட்டையில் எழுதினாள். இந்தத் தடவை அட்டையைச் சாய்க்கவில்லை. இருந்தும் எனக்குப் படிக்க முடியவில்லை, இங்கிலீஷ்.

"இந்த விரிப்பு யார் யோசனை, அங்கிள்?"

உண்மையைச் சொல்கிறேன், 'நான்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். பழக்கம். மகள் என்னைப் பார்த்தாள். நான் கையை மேசைப் பக்கம் நீட்டினேன். பதினொரு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். யார் என்று மறுபடி கேட்டாள். "செமுவா, மிஸ்," என்றாள் மேசையக்கா, எல்லாரும்தான் என்று. தனியாகத் தன்னைக் காட்டிக்கொள்ள அவளுக்கு இன்னும் தைரியம் வரவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் என்றால் நான் அதையும் கள்ளத்தனம் என்றுதான் நினைத்திருப்பேன்.

இடம் நிலைத்தது. எல்லாக் கிளைக்கும் இப்போதைக்கு இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி வருவாளாம். "அடுத்த தடவை வேற என்ன மாத்தினீங்கன்னு கேப்பேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். மாற்றியாகிவிட்டதே, இன்னும் என்ன என்று நான் கேட்பதற்குள் கார் போய்விட்டது.

அது ஒரு சனிக்கிழமை. சாயந்தரம் ஆளுக்கு இரண்டு கிலோ கொடுத்தேன். ஒவ்வொருத்தியும் பையைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போனாள், என் கண் முன்னாலேயே. நானும் தராசைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசியில் மேசையக்கா.

"சரியா இருக்கா?"

"கொஞ்சம் கூடவே இருக்குண்ணே." பையை முடிச்சுப் போட்டாள். போகிறவள் மாதிரி நகர்ந்துவிட்டு நின்றாள். "அந்த மிஸ் அடுத்த தடவை வேற என்னன்னு கேப்பாங்கல்ல."

"கேக்கும்."

"எண்ணெய்ச் சட்டிப் பக்கம் ஒண்ணு இருக்கு. எனக்கும் தெரியும், சட்டிக்கார அண்ணனுக்கும் தெரியும். செஞ்சா எண்ணெய் நல்லா மிச்சமாகும்."

"என்னது? சொல்லு."

அவள் சுவரைப் பார்த்தாள். என் கையெழுத்து அங்கே இருந்தது. "அது கொஞ்ச நாள் அங்கயே இருக்குதான்னு பாப்போம்ண்ணே. அப்புறம் சொல்றேன். வாரேன்."

மோட்டார் சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் நேராகச் சட்டிப் பக்கம் போனேன். அடுப்பைப் பார்த்தேன், எண்ணெயைப் பார்த்தேன், வடிகட்டியைத் தூக்கிப் பார்த்தேன், குனிந்து சட்டிக்கு அடியிலும் பார்த்தேன். நாற்பது வருஷத்துக்கு மேல் முறுக்குச் சுட்டவன் நான். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

சட்டிக்காரன் கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றான். "என்னண்ணே தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல," என்றேன்.

"சரிண்ணே," என்றான். ஆனால் நான் அங்கிருந்து நகருகிற வரைக்கும் அவனும் நகரவில்லை.